மாரிகுப்பம் பிளாட்பாரத்தில் மட்டும் வரும் வலி

இந்த மூன்று மாதங்களில் எத்தனை பேர் என்னிடம் "அது கேஸ்தான்" என்று சொன்னார்கள் என்ற கணக்கை நான் வைத்துக்கொள்ளவில்லை. வைத்திருந்தால் ரத்த அழுத்தம் இன்னும் ஏறியிருக்கும். மருந்துக்கடைக்காரர் சொன்னார், அண்ணி சொன்னாள், ரயிலில் எதிர் சீட்டில் உட்காருகிறவர்கள் சொன்னார்கள், இரண்டு டாக்டர்களும் சொன்னார்கள். இப்போது வலி கட்டுக்குள் இருக்கிறது. நெஞ்சு சும்மா இருக்கும்போதே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். என்னைப் போல இன்னும் யாரோ ஒருத்தி எந்த ஊர் பிளாட்பாரத்திலாவது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்கக்கூடும். எனக்கு இன்னும் கோபம் முழுதாகத் தணியவில்லை, அதையும் சேர்த்தே படித்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் யசோதரா. வயது ஐம்பத்திரண்டு, வேலை கணக்கு டீச்சர். கோலார் தங்கவயலில், மாரிகுப்பத்தில், சுரங்கத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடு ஒன்றில் பிறந்தேன். இரண்டு தலைமுறைக்கு முன்பே பௌத்தத்துக்கு வந்த குடும்பம், நடுவீட்டில் புத்தர் படம்தான். அப்பாவை நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். சுரங்கத்தில் ஆழத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். லடாக்கில் லே பக்கம் பிக்குகள் நடத்தும் விடுதிப் பள்ளிக்குக் கணக்கு சொல்லித்தர ஆள் வேண்டும் என்று தெரிந்தபோது, இரண்டு வருடம் இருந்துவிட்டு வரலாம் என்று கிளம்பினேன். பதினாலு வருடம் ஆகிவிட்டது. பனிக்காலத்தில் மற்ற ஆசிரியர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். வழி அடைபட்டு வீட்டுக்குப் போக முடியாத பிள்ளைகள் விடுதியிலேயே இருப்பார்கள், அவர்களோடு நானும் இருந்துவிடுவேன். கல்யாணம் செய்துகொள்ளாததால் ஏன் வரவில்லை என்று கேட்கவும் ஆளில்லை. கேட்டவர்களும் கேட்டுக் களைத்துப் போயிருந்தார்கள்.

அம்மா இறந்த பிறகு நைனாவோடு இருக்க வேண்டும் என்று போன வருடம் மழை முடிகிற நேரத்தில் திரும்பி வந்தேன். அண்ணனும் அண்ணி மல்லிகாவும் அதே வீட்டில்தான் இருக்கிறார்கள். பெங்களூரில் ஒரு பள்ளியில் வேலை கிடைத்தது. எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு நடக்கிற வாழ்க்கைதான். விடியுமுன் மாரிகுப்பத்தில் ரயிலேறி, இருட்டிய பிறகு வந்து இறங்குவது.

நைனாவுக்கு ஒரு பெருமை உண்டு. வீட்டுக்கு யார் வந்தாலும் சொல்லுவார். "நான் பத்தாயிரம் அடி கீழ எறங்கினவன். எம்பொண்ணு பத்தாயிரம் அடி மேல ஏறினவ. எங்களுக்கு சூடும் ஒண்ணுதான், குளிரும் ஒண்ணுதான்." ஆழத்தில் பாறையே கொதிக்கும் என்பார். புதிதாக வந்தவன் மயங்கி விழுவான், போகப்போக உடம்பு செட் ஆகிவிடும், ஒருமுறை செட் ஆன உடம்பு சாகும்வரை அப்படியே இருக்கும் என்பது அவருடைய கட்சி. ஷிப்ட் முடிந்து மேலே வந்ததும் பச்சைத்தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்ட பழக்கத்தை இன்றுவரை விடவில்லை. மார்கழியானாலும் விடியற்காலை பின்கட்டில் அதே பச்சைத்தண்ணீர்தான். குளித்துவிட்டு வந்து புத்தர் படத்துக்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் உட்காருவார். அவர் தியானத்தில் இருக்கும்போது வீட்டில் யாரும் பேசக்கூடாது. அண்ணி மிக்ஸியைக்கூடப் போடமாட்டாள்.

அவருடைய கட்சியில் நானும் இருந்தேன். லேயில் தண்ணீர்க் குழாய் உறைந்து வெடிப்பதைப் பார்த்தவளுக்கு எங்கள் ஊர் டிசம்பர் ஒரு குளிரா? உண்மையிலேயே எனக்குக் குளிர் தெரியவில்லை. ஊரே குல்லாயும் ஸ்வெட்டருமாகப் போகும்போது நான் பருத்திப் புடவையோடு ஸ்டேஷனுக்கு நடப்பேன். குளியலும் நைனாவைப் போலப் பச்சைத்தண்ணீரில்தான்.

டிசம்பரில் ஒருநாள் பிளாட்பாரத்தில் ரயிலுக்காக நின்றிருந்தபோது நெஞ்சின் நடுவில் யாரோ முழங்கையை வைத்து அழுத்துவது போல வந்தது. தாடை வரைக்கும் ஏறியது, இடது கையில் பலமில்லை. ரயில் வந்தது, ஏறினேன். பெண்கள் பெட்டியில் எங்கள் கூட்டம் நெருக்கியடித்து உட்காரும். கதவைச் சாத்தி, ஜன்னலை இறக்கி, பத்துப் பேர் மூச்சில் பெட்டி வெதுவெதுப்பாக இருக்கும். பங்காருபேட்டை வருவதற்குள் வலி போன இடம் தெரியவில்லை.

மறுநாளும் வந்தது, ஒருநாள் விட்டு மறுபடியும் வந்தது. பக்கத்தில் உட்காருகிற சகாய மேரியிடம்தான் முதலில் சொன்னேன். கார்மெண்ட்ஸ் கம்பெனியில் சூப்பர்வைசர், என்னைவிடச் சின்னவள், வாய் என்னைவிடப் பெரியது.

"காலைல வெறும் வயித்துல ஓடியாற இல்ல டீச்சர், கேஸ் மேல ஏறிக்கும். ரெண்டு பிஸ்கட் துன்னுட்டு வா, சரியாப்பூடும்."

பிஸ்கட் தின்றேன், வலி நின்றபாடில்லை. ஆண்டர்சன்பேட்டையில் ஒரு கிளினிக்குக்குப் போனேன். டாக்டர் என்னைப் பார்க்கும் முன்பே முகவரியைப் பார்த்தார். மாரிகுப்பமா, வீட்டில் மைன்ஸ்காரர் உண்டா என்று கேட்டார். உண்டு என்றதும் தூசியால் நுரையீரல் கெட்டிருக்கலாம் என்று எக்ஸ்ரே எழுதினார். சுரங்கத்துக்குள் ஒருநாளும் இறங்காதவள் நான், டீச்சர், எனக்கு ஒத்துக்கொள்ளாத ஒரே தூசி சாக்பீஸ் தூசி என்று சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. எக்ஸ்ரே சுத்தமாக இருந்தது. அப்படியானால் கேஸ் என்றார்.

ஜனவரியில் ஒருநாள் பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். கண் இருட்டிக்கொண்டு வந்தது. மேரிதான் பிடித்துத் தூக்கி ரயிலில் ஏற்றினாள், தன் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு பெங்களூரில் ஒரு பெரிய மருத்துவமனையின் எமர்ஜென்சியில் கொண்டுபோய்ச் சேர்த்தாள். போய்ச் சேரும்போது எனக்கு ஒன்றுமில்லை. ஈசிஜி எடுத்தார்கள், கோடுகள் அழகாக இருந்தன. நெஞ்சில் ஒட்டியதை உரித்துக்கொண்டே நர்ஸ் கன்னடத்தில், "ஏனு இல்லா அம்மா, டென்ஷன் அஷ்டே" என்றாள். ஒன்றுமில்லை, டென்ஷன்தான். எனக்கு அவள் தலையில் ஒரு வாளி தண்ணீரை ஊற்ற வேண்டும் போல இருந்தது.

வயதைக் கருதி அட்மிட் செய்தார்கள். மாரடைப்பு வந்திருந்தால் இதயத் தசை சேதமாகி ஒரு பொருளை ரத்தத்தில் கசியவிடுமாம், அதைச் சோதித்தார்கள். அது இல்லை. இதயம் எப்படி அடிக்கிறது என்று ஸ்கேனில் பார்த்தார்கள், நன்றாக அடித்தது. கடைசியில் ஆஞ்சியோகிராம். மணிக்கட்டு வழியாக மெல்லிய குழாயை இதயம்வரை கொண்டுபோய், மருந்தைச் செலுத்தி, ரத்தக் குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று படம் பிடிப்பது. பயந்தேன் என்பதை ஒளிக்கவில்லை. கையெழுத்து வாங்கும்போது என்னென்ன ஆபத்து நேரலாம் என்று அவர்கள் சொன்னதைக் கேட்ட அண்ணன் முகம் வெளுத்துப்போய், பில் விஷயத்தை நீ கேட்கவே கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டான்.

அடைப்பு எதுவும் இல்லை. பெரிய டாக்டர் கைகொடுத்தார். "கங்கிராஜுலேஷன்ஸ். குழாய் எல்லாம் சின்னப் பொண்ணு மாதிரி இருக்கு."

எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள், எனக்கு அழுகை வந்தது. அண்ணி அதை ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்துக்கொண்டாள். அடைப்பு இருந்தால் எடுத்திருப்பார்கள். இல்லாததை எப்படி எடுப்பது? வலி வந்தது பொய்யா? "வெளியில் குளிரில் நிற்கும்போது மட்டும் வருகிறது" என்று டாக்டரிடம் சொன்னேன். "நீங்க லடாக்ல இருந்தவங்க ஆச்சே, உங்களுக்கு இந்தக் குளிர் எல்லாம்..." என்று கையை வீசினார். நைனாவும் அப்படித்தான் சொல்லுவார். இவர் இத்தனை படித்துவிட்டு அதையே சொல்கிறாரே என்று பற்றிக்கொண்டு வந்தது. கேஸுக்கு ஒன்றும் மனசுக்கு ஒன்றுமாக மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வீட்டில் நான் பத்து நாள் ஓய்வெடுத்தேன். கதவைச் சாத்திய வீட்டில் வலி வரவில்லை. எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை நிஜமாகவே மனசுதானோ? அந்த நாட்களில் அண்ணி என்னை ஒரு வேலையும் செய்யவிடவில்லை. நான் கேட்காமலே கேழ்வரகுக் கஞ்சி வரும், மதியம் கருவாடு இல்லாத சாப்பாடு வரும். என் பொருட்டு வீடே கருவாட்டை விட்டுவிட்டது. அவ்வளவு அன்பிலும் ஒருத்தருக்கும் என் பேச்சில் நம்பிக்கை இல்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. வேலைக்குத் திரும்பிய முதல் நாளே பிளாட்பாரத்தில் வலி வந்து நின்றது. அதைப் பார்த்ததும் ஒரு பக்கம் நிம்மதியாக இருந்தது என்றால் நம்புவீர்களா?

மறுபடி மருத்துவமனைக்குப் போய்ச் சண்டை பிடித்தேன். இந்த முறை இடுப்பில் கட்டிக்கொள்ளும் ஒரு சின்ன மெஷினைக் கொடுத்தார்கள். ஒரு பகல் ஓர் இரவு முழுக்க இதயத் துடிப்பைப் பதிவு செய்துகொண்டே இருக்கும். வலி வரும்போது பொத்தானை அழுத்த வேண்டும். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. நாளைக் காலை பிளாட்பாரத்தில் வழக்கம்போலப் பருத்திப் புடவையோடு நிற்பேன், வலி வரும், மெஷின் சாட்சி சொல்லும். திரும்பி வரும்போது ரயிலில் மேரியிடம் இதைச் சொன்னேன். அங்கேதான் சொதப்பிவிட்டேன்.

மறுநாள் ஸ்டேஷனுக்குப் போனால் எங்கள் பெட்டியின் பெண்கள் எல்லாரும் எனக்கு முன்பே வந்து நின்றிருந்தார்கள். ஒருத்தி கம்பளிச் சால்வையைப் போர்த்தினாள். இன்னொருத்தி காதை மூடும் குல்லாயை மாட்டினாள். மேரி பிளாஸ்கில் சுடச்சுடக் காப்பியோடு வந்திருந்தாள்.

"வேண்டாம்டி, எடுங்க. எனக்குக் குளிரணும்."

"இன்னா டீச்சர், மெஷின் கட்டிகினு கீற, இப்பபோயி குளிரணும்னு சொல்ற? காப்பியக் குடி."

"குளிர்ந்தாதான் வலி வரும். வலி வந்தாதான் மெஷின்ல தெரியும்."

"வலி வரணும்னு யாராச்சும் வேண்டிப்பாங்களா? சொம்மா நில்லு. பொத்தான நாங்க பாத்துக்கறோம்."

என்னைச் சுற்றி அவர்கள் காற்று புகாமல் நின்றுகொண்டார்கள். சால்வையை உதறினால் இன்னொரு கை வந்து மூடியது. ரயில் வரும்வரை எனக்கு ஒரு சின்ன வலிகூட வரவில்லை. பெட்டியில் ஏறியதும் மேரி எல்லோரையும் பார்த்து, "பாத்தீங்களா, நாம இருந்தோம், வலி வரல" என்றாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பேசினால் திட்டிவிடுவேன், திட்டினால் அவர்கள் தாங்கமாட்டார்கள்.

மெஷின் ரிப்போர்ட் நார்மல். பெரிய டாக்டர் மனநல மருத்துவரைப் பார்க்கச் சொல்லி எழுதப் பேனாவை எடுத்தார். அவர் பக்கத்தில் நின்றிருந்த ஜூனியர் டாக்டர் பெண் அப்போதுதான் வாயைத் திறந்தாள். மடிகேரிக்காரி, கன்னடமும் தமிழும் கலந்து பேசுவாள்.

"மேடம், வலி வர்ற நேரத்துல உங்க கையி எப்படி இருக்கும்? நிறம் மாறுமா?"

மூன்று மாதத்தில் இப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை. விரல் நுனி வெளுத்துவிடும் என்றேன். அவள் பெரிய டாக்டரைப் பார்த்தாள். "சார், ஐஸ் தண்ணி வச்சு ஒரு தடவ பாக்கலாமா?" அவருக்கு அதில் பெரிய விருப்பமில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

அன்றே மறுபடி அட்மிட் ஆனேன். நெஞ்சில் ஈசிஜி ஒயர்கள், வலது கையில் ரத்த அழுத்தப் பட்டை. ஏதாவது ஆனால் உடனே கொடுக்க ஊசியும் மாத்திரையும் தட்டில் தயாராக இருந்தன. அத்தனை பெரிய மருத்துவமனையில் ஐஸ் கட்டி இல்லை. வார்டு ஆயா எதிரிலிருந்த ஜூஸ் கடைக்குப் போய் ஒரு பாலிதீன் பையில் வாங்கிவந்தார். பிளாஸ்டிக் பேசினில் தண்ணீரும் ஐஸுமாகக் கொட்டி, இடது கையை மணிக்கட்டுவரை அதில் வைக்கச் சொன்னாள் ஜூனியர் டாக்டர். ஆரோக்கியமான ஆளுக்கும் இதில் ரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறும் என்று முன்பே விளக்கினாள். குளிர் பட்டதும் உடம்பு தன் சூட்டைக் காப்பாற்றிக்கொள்ளத் தோலில் இருக்கும் ரத்தக் குழாய்களை இறுக்கும், இதயம் அந்த இறுக்கத்தை எதிர்த்துத் தள்ள வேண்டியிருக்கும்.

எனக்குக் கை அவ்வளவாகக் குளிரவில்லை. அதை அவளிடம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பிளாட்பாரத்தில் வரும் அதே முழங்கை நெஞ்சில் வந்து அழுத்தியது. பட்டை விம்மியது, மெஷின் கத்தியது, திரையில் அழகான கோடுகள் கோணலாயின. "பாருங்க, பாருங்க" என்றேன். வலியில் என் கண்ணில் நீர் வழிந்தது, வாய் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தது. கையை வெளியே இழுத்து நாக்குக்கு அடியில் மாத்திரையை வைத்தாள். பெரிய டாக்டர் வந்து காகிதத்தை இரண்டு முறை பார்த்தார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "இன்ட்ரஸ்டிங்" என்றார்.

அடைப்பு இல்லாத குழாய் சில பேருக்குத் திடீரென்று சுருங்கிப் பிடித்துக்கொள்ளும், பிறகு தானே விட்டுவிடும். விட்டபிறகு படம் எடுத்தால் ஒன்றும் இருக்காது. இதை ஸ்பாஸம் என்கிறார்கள். எனக்குக் குளிர் அதை மூட்டிவிடுகிறது. அன்று மாலை ஜூனியர் டாக்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து மீதியையும் சொன்னாள். உயரத்தில் பிராணவாயு குறைவு என்பதால் உடம்பு ரத்தத்தைக் கெட்டியாக்கிக்கொள்கிறது, குழாய்களை இறுக்கும் நரம்புகளை எப்போதும் உஷாராகவே வைத்திருக்கிறது. கீழே வந்தால் ரத்தம் சில வாரங்களில் இளகிவிடும், என்னுடையதும் இளகிவிட்டது. நரம்புகள் எப்போது பழைய நிலைக்கு வரும் என்பது ஆளுக்கு ஆள் மாறும் என்றாள்.

"அப்ப லடாக்தான் காரணமா?"

"இருக்கலாம் மேடம். சத்தியம் பண்ணி சொல்ல முடியாது."

இதற்கும் எரிச்சல்தான் வந்தது. இத்தனை கஷ்டப்பட்டு உறுதியாக ஒரு பதில்கூடக் கிடையாதா? அவள் அதோடு நிறுத்தவில்லை.

"வருஷக்கணக்கா குளிர்ல இருந்தா குளிர் தெரியாம போயிடும். தோல் சொல்றத நிறுத்திடும். ஆனா உள்ள குழாய் இறுகுறது நிக்கணும்னு இல்ல. அங்க நீங்க நல்லா போத்திகிட்டு, அடுப்புப் பக்கத்துல இருந்தீங்க. இங்க குளிரே தெரியலன்னு சும்மா நின்னீங்க."

லேயில் பனிக்காலத்தில் நான் தினமும் குளித்ததே இல்லை. நாலு அடுக்கு உடுப்பில்லாமல் முற்றத்தைத் தாண்டியதில்லை. அங்கே குளிருக்கு மரியாதை கொடுத்து வாழ்ந்துவிட்டு, இங்கே வந்து அதை அலட்சியம் செய்திருக்கிறேன். மாத்திரைகளோடு வீட்டுக்கு வந்தேன். பனிக்காலத்துக்கு மட்டுமாவது பிள்ளைகளோடு வந்து இருக்க முடியுமா என்று லே பள்ளியிலிருந்து போன் வந்தபோது, இனி வரமுடியாது என்று சொல்ல வேண்டியிருந்தது.

அன்று சாப்பிடும்போது வீட்டில் எல்லோருக்கும் வகுப்பு எடுத்தேன். குளிர் தெரியாமல் போவது வேறு, குளிர் ஒன்றும் செய்யாமல் இருப்பது வேறு. செட் ஆன உடம்பு என்று ஒன்று கிடையாது. நைனா தலை நிமிராமல் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார். பெருமையில் கை வைத்துவிட்டேன், கோபம் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் விடியற்காலை அண்ணி எனக்கு வெந்நீர் வைத்திருந்தாள். நைனா வழக்கம்போலப் பச்சைத்தண்ணீரில் குளித்துவிட்டுப் புத்தர் படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். வெந்நீர் வாளியோடு அவரைக் கடந்தபோது நெற்றியைப் பார்த்தேன். அந்தக் குளிரில் நெற்றியில் வேர்வை துளித்துளியாக நின்றது. வலது கை மடியில் இல்லை, நெஞ்சின் நடுவில் இருந்தது.

"நைனா, இன்னா பண்ணுது?"

"கொஞ்ச நேரம் பேசாத. பூடும்."

"இன்னா பூடும்?"

அவர் கண்ணைத் திறக்கவில்லை. "நீ ராத்திரி சொன்னியே. அதான்."

"எவ்ளோ நாளா இப்டி கீது?"

"உங்கம்மா இருக்கசொல்லவே."

அப்படியானால் இத்தனை வருடமாக நாங்கள் வாயை மூடிக்கொண்டு, மிக்ஸியை நிறுத்திவைத்துக் காவல் காத்தது தியானத்துக்கு இல்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். ஆழத்தில் வேலை செய்தவன் ஒரு வாளித் தண்ணீருக்குப் பயந்துவிட்டான் என்று ஊர் சிரிக்கும் என்றார்.

அப்போது என் நாக்கு நுனிவரை வந்த வார்த்தையை நான் மறைக்க விரும்பவில்லை. "கேஸா இருக்கும் நைனா." அது கேஸாகவே இருக்கட்டும் என்று மனசு கெஞ்சியது. அண்ணியும் மேரியும் அதை ஏன் அத்தனை முறை சொன்னார்கள் என்று அந்த நிமிஷம் புரிந்தது. என் நெஞ்சைப் பற்றி அவர்களுக்கு இவ்வளவு பயம் இருந்திருக்கிறது.

வார்த்தையை விழுங்கிவிட்டேன். என் சால்வையை எடுத்து அவருக்குப் போர்த்தினேன். அண்ணன் வண்டி பிடித்தான். பெங்களூர் போய்ச் சேரும்போது நைனா வெயிலில் காய்ந்து, முகம் தெளிந்து, திரும்பிப் போகலாம் என்று சொல்ல ஆரம்பித்திருந்தார். எமர்ஜென்சியில் அதே நர்ஸ்தான் இருந்தாள். என்ன தொந்தரவு என்று கேட்டாள்.

"ஒண்ணும் இல்லம்மா" என்று நைனா தொடங்கினார். "கேஸு..."

"நெஞ்சு வலி" என்றேன் நான். "குளிர்ல வரும், சூடானா போயிடும். இப்ப ஈசிஜி எடுத்தா நார்மலாத்தான் வரும். அதப் பாத்துட்டு அனுப்பிடாதீங்க. ஐஸ் வேணும்னா ஜூஸ் கடையிலேர்ந்து நானே வாங்கியாறேன்."